ரெண்டு டன் டிராலி ஜாக்கி: நாலரை வருஷத்துக்கு அப்புறம்

மாசம் ரெண்டு தடவையாவது ஏற்காடு ஏறி இறங்குகிற வண்டி என்னுடையது. இருபது கொண்டை ஊசி வளைவிலும் ஸ்டியரிங்கை ஒடித்து ஒடித்து, முன் டயர்களின் ஓரம் மட்டும் மொழுக்கென்று தேய்ந்துவிடும். பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை முன்னதைப் பின்னால் மாற்றிப் போட்டால்தான் நாலும் ஒன்றாகத் தேயும். அதற்காகத்தான் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் நாலாயிரத்துச் சொச்சம் கொடுத்து, எண்ணெய் அழுத்தத்தில் வண்டியைத் தூக்கும், அடியில் சக்கரம் வைத்த இந்த ஜாக்கியை வாங்கினேன். வண்டியோடு வந்த கத்தரி ஜாக்கி வழியில் ஸ்டெப்னி மாட்ட மட்டும்தான்.

ஏழெட்டு அமுக்கில் சக்கரம் தரையை விட்டு எழும்பிவிடும், முதுகு வலி இல்லை. ஒரு விஷயம் பட்டுத்தான் தெரிந்தது. ஜாக்கியின் தூக்கும் கை வளைவாக மேலே போவதால், ஜாக்கியும் கூடவே கொஞ்சம் உருள வேண்டும். முதல் தடவை வாசல் செம்மண்ணில் வைத்தேன். அதன் சின்ன இரும்புச் சக்கரங்கள் புதைந்துகொள்ள, உருள வழியில்லாமல் தலை நழுவப் பார்த்தது. அன்றோடு போர்ட்டிகோ சிமெண்ட் தரைதான்.

எதிர் வீட்டு அண்ணன் சங்ககிரியில் முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். வெறும் ஜாக்கியில் வண்டியை நிறுத்திவிட்டு அடியில் கையை விட்டவனைப் பார்த்து, "ஏங்கண்ணு, கை வேண்டாமா? ஜாக்கி தூக்கறதுக்கு. தாங்கறதுக்கு ஸ்டாண்ட் வாங்கிப் போடு" என்றார். தூக்கிய வண்டிக்கு அடியில் முட்டுக் கொடுக்கும் இரும்புக் கால்தான் ஸ்டாண்ட். கூச்சத்தில் மறுநாளே ஒரு ஜோடி வாங்கினேன்.

மூணாம் வருஷம் அது வேலைக்கு வந்தது. முன் சக்கரம் ரெண்டையும் கழற்றி, வண்டியை ஸ்டாண்டில் உட்கார வைத்து, சக்கரம் உட்காரும் ஹப்பில் ஏறியிருந்த துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஜாக்கித் தலையை வண்டியைத் தொட்டபடி விட்டு வைப்பது என் வழக்கம். அரை மணி கழித்துப் பார்த்தால் நடுவில் ரெண்டு விரல் இடைவெளி. கீழே சிமெண்டில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு எண்ணெய். உள்ளே எண்ணெயை அடைத்து வைக்கும் ரப்பர் சீல் போயிருந்தது. ஸ்டாண்ட் மட்டும் இல்லையென்றால் பிரேக் டிஸ்க் தரையில் உட்கார்ந்திருக்கும், என் விரல்கள் நடுவில் இருந்திருக்கும். சீல் மாற்றி, ஹைட்ராலிக் ஆயில் ஊற்றியதும் சரியாகிவிட்டது. அவசரத்துக்கு பிரேக் ஆயிலை ஊற்றிவிடாதீர்கள், ரப்பர் சீல் கெட்டுவிடும்.

வண்டியின் ஓரத்தில் தூக்குவதற்கென்று இருக்கும் ஒரே புள்ளிக்கு ஜாக்கியும் ஸ்டாண்டும் சண்டை போடும். நான் மேனுவலில் காட்டியபடி முன் குறுக்குச் சட்டத்தின் நடுவில் தூக்கி, ஸ்டாண்டுகளை ரெண்டு பக்க ஓரத்திலும் கொடுக்கிறேன். எங்கே கொடுக்கலாம் என்பது வண்டிக்கு வண்டி மாறும், உங்கள் மேனுவலைப் பாருங்கள். பின்பக்கம் தூக்கும்போது இன்னொரு சங்கதி: ஹேண்ட் பிரேக் பிடிப்பது பின் சக்கரங்களை. ரெண்டும் அந்தரத்தில் போனபின் அது சும்மா. அதனால் கியரில் போட்டு, முன் சக்கரங்களுக்கு இரு பக்கமும் கட்டை கொடுத்த பிறகுதான் ஜாக்கியைத் தொடுவேன்.

நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே அரைச் சுற்றுத் தளர்த்திக்கொள்ள வேண்டும். மாட்டும்போது முதலில் வெறும் கையால், பிறகு எதிரெதிராக லேசாக, இறக்கியபின் முழு முறுக்கு. என் வண்டிக்கு 100 நியூட்டன் மீட்டர். 40 சென்டிமீட்டர் ஸ்பேனர் நுனியில் 25 கிலோ அழுத்தினால் வருவது கிட்டத்தட்ட அவ்வளவுதான். பஞ்சர் கடையில் 60 கிலோ ஆள் அதே ஸ்பேனர் மேல் ஏறி நின்றால் இரண்டு மடங்குக்கு மேல் போகும். அப்படி ஏறி மிதித்த நட்டைக் கழற்றப் போய் ஒரு போல்ட்டையே ஒடித்திருக்கிறேன். அதற்கப்புறம் முறுக்கின் அளவை வைத்துத் திருகும் டார்க் ரெஞ்ச் வாங்கினேன். அளவு வந்ததும் 'டிக்' என்று உள்ளங்கையில் தட்டும், அதோடு நிறுத்திவிடுவேன். மறையில் எண்ணெய் தடவுவதில்லை; தடவினால் அதே 'டிக்'கில் போல்ட் அளவுக்கு மேல் இழுபட்டுவிடும். ஒருதடவை அடிவாரம் வரை போய் வந்து மறுபடி பார்ப்பேன்.

குறை என்றால் எடை. டிக்கியில் போட்டுச் சுமக்க முடியாது. ரெண்டே ஸ்டாண்ட் இருப்பதால் இடையில் ஸ்டெப்னியை மாட்டி மாட்டிக் கழற்ற வேண்டியிருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை காலை அதிலேயே போகிறது. தீபாவளிக்குள் இன்னொரு ஜோடி வாங்க வேண்டும்.