இரண்டு அமைதியான ஃபேன்கள், ஒரு முனகல்

கம்ப்யூட்டர் கேபினட்டில் நான் மாட்டியிருக்கும் 120 மிமீ ஃபேனின் விலை இறங்கியிருக்கிறதாம். வீட்டிலேயே குரல் பதிவு செய்யும் நண்பர் ஒருவர், "நீதான் வருஷக்கணக்கில் வைத்திருக்கிறாயே, வாங்கலாமா?" என்று கேட்டார். போனில் சொல்ல ஆரம்பித்தேன், பாதியிலேயே எரிச்சல் வந்துவிட்டது. எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். எந்த நிறுவனத்தின் ஃபேன் என்று சொல்லப்போவதில்லை. இதே தரத்தில் இன்னும் சிலர் செய்கிறார்கள், நான் சொல்லும் புகார் அவர்கள் எல்லோருடைய ஃபேனுக்கும் பொருந்தும்.

முதலில் நியாயமாகச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். ஃபேன் அருமை. இத்தனை காலத்தில் ஒருமுறைகூட பேரிங் கரகரக்கவில்லை. மலிவான ஃபேன்களில் எண்ணெய் வற்றியதும் கிளம்புமே ஒரு டகடக சத்தம், அது இதில் வரவே இல்லை. மிகக் குறைந்த வேகத்திலும் திணறாமல் சுழல ஆரம்பிக்கிறது. தூசி துடைப்பதைத் தவிர வேறு எதையும் என்னிடம் கேட்டதில்லை. (எதிரொலியைக் குறைக்கச் சுவரெல்லாம் கம்பளி தொங்கவிட்டிருப்பவர்கள் கவனிக்கவும்: அதிலிருந்து உதிரும் பஞ்சு நேராகக் கேபினட்டின் முன்பக்க ஃபில்டரில் போய்த்தான் உட்காரும். ஃபில்டர் அடைத்தால் சூடு ஏறும், சூடு ஏறினால் ஃபேன் வேகமெடுக்கும். அப்புறம் ஃபேனைக் குறை சொல்லிப் பயனில்லை.)

நான் இரண்டு ஃபேன் வாங்கியதற்குக் காரணம் ஒரு கணக்கு. ஃபேன் தள்ளும் காற்று அதன் வேகத்துக்கு நேர் விகிதத்தில் இருக்கும். சத்தம் அப்படியில்லை, வேகம் பாதியானால் ஏறக்குறைய 15 டெசிபல் இறங்கிவிடும். ஒரே மாதிரி இரண்டு ஃபேன் ஓடினால், ஒன்று ஓடுவதைவிட 3 டெசிபல்தான் கூடும். ஆக, ஒன்றை முழு வேகத்தில் விரட்டுவதற்குப் பதில் இரண்டைப் பாதி வேகத்தில் ஓட்டினால் கிட்டத்தட்ட அதே காற்று கிடைக்கும், சத்தம் சுமார் 12 டெசிபல் குறையும். இந்தக் கணக்கில் இன்றுவரை எனக்கு எந்தக் குறையும் இல்லை. அறைக்குள் உட்கார்ந்திருந்தால் கம்ப்யூட்டர் ஓடுகிறதா இல்லையா என்பதை அதன் விளக்கைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

ஹெட்போனை மாட்டினால் கதை வேறு. நுண்ணிய சத்தத்தையும் பிடிக்கும் கண்டன்சர் மைக்கை வைத்து, வழக்கமான அளவுக்கு கெயினை (மைக் சிக்னலைப் பெருக்கும் அளவை) ஏற்றி, வாயே திறக்காமல் கொஞ்ச நேரம் பதிவு செய்து போட்டுக் கேட்டால், அடியில் ஒரு முனகல் இருக்கும். சீரான இரைச்சலாக இருந்தால் பரவாயில்லை, காது அதைச் சீக்கிரம் மறந்துவிடும். இது வூம், வூம் என்று ஏறி இறங்குகிறது. பக்கத்தில் யாரோ படுத்துத் தூங்குகிற மாதிரி. ஒரு தடவை கவனித்துவிட்டால் அதன்பிறகு கேட்காமல் இருக்க முடியாது.

இது எங்கிருந்து வருகிறது என்பதை ஃபேனின் இறக்கைகளை எண்ணினாலே புரிந்துகொள்ளலாம். என் ஃபேனில் ஒன்பது இறக்கைகள். நிமிடத்துக்கு 800 சுற்று ஓடும்போது, ஒரு நொடிக்கு 120 முறை ஓர் இறக்கை ஒரே இடத்தைக் கடக்கிறது. அதனால் 120 ஹெர்ட்ஸில் மெல்லிய சுருதி ஒன்று பிறக்கிறது. பக்கத்து ஃபேன் அதே மாடல்தான், ஆனால் 790 சுற்று ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் சுருதி 118.5 ஹெர்ட்ஸ். இரண்டும் ஒன்றோடு ஒன்று மோதி, நொடிக்கு ஒன்றரை முறை ஏறி இறங்கும். தந்தி வாத்தியத்துக்குச் சுருதி சேர்ப்பவர்கள் இதைத் தினமும் கேட்கிறார்கள். இரண்டு தந்திகளின் சுருதி சேரச் சேர இந்த அலைவு மெதுவாகி, சேர்ந்ததும் நின்றுவிடும். தந்தியை முறுக்கிச் சரிசெய்துவிடலாம். ஃபேனுக்கு முறுக்காணி கிடையாது.

வேகத்தில் 10 சதவீதம் வரை முன்னே பின்னே இருக்கலாம் என்று தயாரிப்பாளர்களே ஸ்பெக்கில் போட்டிருப்பார்கள். அதனால் மதர்போர்டு இரண்டு ஃபேனுக்கும் ஒரே கட்டளையைக் கொடுத்தாலும் இரண்டும் ஒரே வேகத்தில் ஓடும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஒரே ஹெட்டரிலிருந்து (போர்டில் ஃபேன் ஒயரைச் செருகும் முனை) ஸ்ப்ளிட்டர் ஒயர் போட்டு இரண்டையும் இணைத்தால் இன்னொரு கூத்து. வேகத்தைச் சொல்லும் சிக்னல் ஒரு ஃபேனிலிருந்து மட்டும்தான் போர்டுக்குப் போகும். போர்டின் செட்டிங் திரையான பயாஸில் தெரிகிற அந்த ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு மற்றது என்ன செய்கிறது என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. ஒன்றின் ஒயரைப் பிடுங்கினால் முனகல் அந்த நொடியே நிற்கும். எது குற்றவாளி என்று பார்க்க மற்றதைப் பிடுங்கினாலும் நிற்கும். தனித்தனியாகக் கேட்டால் இரண்டுமே உத்தமர்கள்.

பெட்டியில் போட்டிருக்கும் டெசிபல் எண்ணை நம்பி வாங்குபவர்கள் இதையும் தெரிந்துகொள்ளட்டும். அது ஏ-வெயிட்டிங் போட்ட எண், அதாவது மெல்லிய சத்தத்தில் மனிதக் காதுக்கு அடித்தொனி எவ்வளவு குறைவாகக் கேட்குமோ அதற்கேற்ப அங்கே கழித்துவிட்டுக் கணக்கிட்ட எண். 125 ஹெர்ட்ஸில் மட்டும் சுமார் 16 டெசிபல் கழிந்துவிடும். என் முனகல் இருப்பதே அந்த வட்டாரத்தில்தான். மைக்குக்கு இந்தத் தள்ளுபடி எதுவும் தெரியாது, வருவதை அப்படியே வாங்கிக்கொள்ளும். போதாக்குறைக்கு நாம் கம்ப்ரஸர் போட்டு உரத்த இடங்களை அமுக்கி, அதனால் குறைந்த அளவை மேக்கப் கெயினால் மொத்தமாகத் தூக்குகிறோம். குரல் எவ்வளவு உயர்கிறதோ, வாக்கியங்களுக்கு நடுவில் இருக்கும் முனகலும் அவ்வளவு உயரும்.

80 ஹெர்ட்ஸில் ஹை-பாஸ் ஃபில்டர் (அதற்குக் கீழே உள்ள தொனிகளை வெட்டுவது) போடு என்று எல்லோரும் சொல்வார்கள். போட்டாயிற்று. 120 ஹெர்ட்ஸ் அதற்கு மேலே இருக்கிறது. ஃபில்டரை இன்னும் ஏற்றினால் ஆண் குரலின் அடித்தளமே அங்கேதான், குரல் தகர டப்பாவாகிவிடும். ஆடியோ புத்தகங்களுக்கு ஏசிஎக்ஸ் தளம் கேட்கும் அளவு, பின்னணிச் சத்தம் ஆர்எம்எஸ் (ஒருவகைச் சராசரி) கணக்கில் −60 டெசிபலுக்கு மேல் போகக்கூடாது என்பது. என் பதிவுகள் அதில் தேறிவிடுகின்றன. எண் தேறினாலும் காதில் தேறவில்லை, ஏனென்றால் சராசரி எடுக்கும்போது ஏற்றமும் இறக்கமும் கரைந்துபோகின்றன.

நாய்ஸ் ரிடக்‌ஷன் இருக்கிறதே என்று நண்பரும் கேட்டார். பேசாத இடத்திலிருந்து ஒரு மாதிரி எடுத்துக்கொண்டு மற்ற இடங்களில் அதைக் கழிக்கும் வகை, சத்தம் மாறாமல் இருக்கும் என்று நம்பி வேலை செய்கிறது. முனகல் தாழ்ந்த இடத்தில் மாதிரி எடுத்தால் உயர்ந்த இடத்தில் மிச்சம் நிற்கும். உயர்ந்த இடத்தில் எடுத்தால் குரலையும் சேர்த்து அரிக்கும். செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் முனகலை நன்றாகவே எடுக்கின்றன, கூடவே வாக்கிய முடிவில் குரல் அடங்குகிற இடத்தையும் நறுக்கிவிடுகின்றன. இதைவிட எடிட்டிங்கில்தான் என் உயிர் போகிறது. இரண்டு டேக்குகளை ஒட்டும்போது ஒன்றில் முனகல் ஏறிக்கொண்டிருக்கும், மற்றதில் இறங்கிக்கொண்டிருக்கும். எவ்வளவு மெதுவாக கிராஸ்ஃபேட் (ஒன்றைத் தாழ்த்தி மற்றதை உயர்த்தி இணைப்பது) கொடுத்தாலும் அந்த இடத்தில் ஒரு விக்கல்.

சரி, மருந்து உண்டா என்றால் உண்டு. இரண்டையும் தனித்தனி ஹெட்டரில் மாட்டி, வேண்டுமென்றே வேகத்தை விலக்கி வைக்க வேண்டும். ஒன்று 700, மற்றது 850 என்று வைத்ததும் அந்த மெதுவான அலைவு போய்விட்டது. மிஞ்சியது சாதாரண இரைச்சல், அதை நாய்ஸ் ரிடக்‌ஷன் பேசாமல் விழுங்கிவிடும். இது ஊருக்குத் தெரிந்த ரகசியம்தான். நாக்டுவா நிறுவனம் தன் 140 மிமீ ஃபேன்களில் ஒரு ஜோடியை, இந்த முனகலைத் தவிர்ப்பதற்கென்றே சிறிய வேக வித்தியாசத்தோடு விற்கிறது. என் ஃபேனைச் செய்தவர்களும் பெட்டிக்குள் ஒரு வரி எழுதிப் போட்டிருக்கலாம். போடவில்லை.

அந்த நிம்மதியும் நிலைக்காது. பிராசஸரின் சூட்டைப் பார்த்து ஃபேன் வேகத்தை மாற்றுவது மதர்போர்டின் வழக்கம். பதிவு மென்பொருளில் ஒரு பிளக்இன்னை (துணை நிரலை) திறந்தால் சூடு சட்டென்று பத்துப் பதினைந்து டிகிரி தாவும், ஃபேன் ஒரு பெருமூச்சு விட்டு அடங்கும். அதனால் பதிவு செய்யும்போது வேகத்தை மாறாமல் கட்டிப்போட்டேன். ஆனால் பதிவறையில் ஏசியை நிறுத்திவிட்டு, கதவையும் மூடிவிட்டு உட்காருகிறோம். அறைச் சூடு ஏறுகிறது. கேபினட் உறிஞ்சும் காற்றே சூடாக வந்தால் உள்ளே ஆறுவது எப்படி? ஒரு நீளமான அமர்வின் முடிவில், கட்டிப்போட்ட வேகம் போதாமல் கிராஃபிக்ஸ் கார்டின் ஃபேன் தன் பங்குக்கு எழுந்துகொள்கிறது. குளிர்ந்த மாதங்களில் சரிபார்த்து வைத்த செட்டிங் வெயில் மாதங்களில் செல்லாது. நான் இன்னும் அதை மாற்றிக்கொண்டேதான் இருக்கிறேன்.

மைக்கின் முதுகுப் பக்கம் கேபினட் வரும்படி வைத்ததும் கொஞ்சம் உதவியது, கார்டியாய்டு மைக் அந்தத் திசையில்தான் மிகக் குறைவாகக் கேட்கும். கேபினட்டை மேசையிலிருந்து இறக்கித் தரையில், கனமான ரப்பர் விரிப்பின் மேல் வைத்ததில் மைக் ஸ்டாண்டுக்கு ஏறிய அதிர்வு போயிற்று.

இவ்வளவும் நல்ல ஃபேனுக்கு, அதுவும் பழுதே இல்லாத ஃபேனுக்கு.

ஆகவே நண்பருக்கு என் பதில்: வாங்காதே. அந்தப் பணத்தில் நீளமான எக்ஸ்எல்ஆர் மைக் கேபிள் ஒன்று வாங்கு. அந்த மாதிரி பேலன்ஸ்டு கேபிளில் (வழியில் ஏறும் இரைச்சலை ரத்துசெய்யும் வகை) மைக் சிக்னல் 20 மீட்டர் போனாலும் அலட்டிக்கொள்ளாது. யூஎஸ்பி 2.0 கேபிளுக்கு 5 மீட்டர்தான் எல்லை, அதனால் மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் இன்டர்ஃபேஸும் கம்ப்யூட்டரும் அடுத்த அறையிலேயே இருக்கட்டும், மைக்கை மட்டும் இந்தப் பக்கம் கொண்டு வா. ரெக்கார்டை அழுத்தவும் நிறுத்தவும் டேப்லெட்டில் ஒரு ரிமோட் ஆப் போதும். கேபினட்டோடு வந்த சத்தக்கார ஃபேனே அங்கே இஷ்டத்துக்குக் கத்தட்டும். இன்னோர் அறை இல்லாதவன் என்ன செய்வான் என்று கேட்டால், ஃபேனே இல்லாத லேப்டாப்பைப் பார்க்கலாம். 2020-இல் வந்த எம்1 மேக்புக் ஏர் முதல் அப்படி இருக்கிறது. ஒற்றைக் குரல் பதிவுக்கு அது தாராளம், கனமான மிக்ஸிங்கை நீண்ட நேரம் ஓட்டினால் சூட்டில் வேகம் குறைத்துக்கொள்ளும்.

அவர் இதையெல்லாம் படித்துவிட்டும் வாங்குவார் என்று எனக்குத் தெரியும், ஃபேன் அவ்வளவு நன்றாக இருக்கிறது. நானும் என்னுடையதை விற்கப்போவதில்லை. வேண்டுமானால் என் இரண்டில் ஒன்றைக் கழற்றி இலவசமாகவே அவருக்குக் கொடுத்துவிடுகிறேன். பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொண்டுவர மட்டும் கூடாது.