எரிபொருள் குழாயின் கனெக்டரை நெம்பி உடைத்துவிட்டுக் குழாயின் மேல் பழி போடும் பணிமனைகள்: ஓர் எச்சரிக்கை

எரிபொருள் ஃபில்டரை மாற்றுவதற்காக ஒரு பணிமனையில் விட்டிருந்த காரைத் திரும்பப் பெற்றபோது, ஃபில்டரின் விலைக்கும் கூலிக்கும் கீழே 'எரிபொருள் குழாய் சரிசெய்தல்' என்று நான் கேட்காத வேலை ஒன்றுக்கும் பில்லில் பணம் போடப்பட்டிருந்தது. காரணம் கேட்டதற்கு, குழாய் பழையதாகி இறுகிப்போயிருந்ததால் கழற்றும்போது தானாகவே உடைந்துவிட்டதாக மேற்பார்வையாளர் சொன்னார். உடைந்த துண்டைக் காட்டுங்கள் என்றேன். அது குப்பைக்குப் போய்விட்டது என்றார். அடுத்த நாளே காரின் பின்பக்கம் பெட்ரோல் வாடை அடிக்கத் தொடங்கியது.

வேறொரு மெக்கானிக் காரை லிஃப்டில் ஏற்றி அடியில் பார்த்தபோதுதான் நடந்தது என்னவென்று தெரிந்தது. டேங்கிலிருந்து வரும் நைலான் குழாயை ஃபில்டரோடு பிணைக்கும் குவிக் கனெக்டர் அங்கே இல்லை. குழாயின் ஒரு பகுதியோடு சேர்த்து அதை வெட்டி எறிந்துவிட்டு, இடையில் ஒரு ரப்பர் குழாயைச் செருகி, இரு முனைகளிலும் திருகு கிளாம்ப் போட்டு இறுக்கியிருந்தார்கள். ஃபில்டரின் மறுபக்கத்தில் எஞ்சியிருந்த கனெக்டரின் மேல் ஸ்க்ரூடிரைவரால் நெம்பிய காயங்கள் புதிதாகத் தெரிந்தன. அதன் உள்ளே இருக்கும் பூட்டுக் கிளிப்பின் ஒரு கால் முறிந்திருந்தது. வயதாகி உடையும் பொருளில் இப்படிப்பட்ட காயங்கள் இருக்க வாய்ப்பில்லை.

இந்த இணைப்பு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால், இது எவ்வளவு பெரிய அலட்சியம் என்பதும் விளங்கும். உள்ளே நுழையும் குழாயின் முனைக்குச் சற்றுப் பின்னால் வளையம் போன்ற ஒரு மேடு இருக்கும். அதைச் செருகியதும் கனெக்டருக்குள் இருக்கும் கிளிப்பின் கால்கள் அந்த மேட்டுக்குப் பின்னால் விழுந்து பூட்டிக்கொள்ளும். கசிவைத் தடுப்பது அதற்கும் உள்ளே இருக்கும் ஓ-ரிங்குகள் எனப்படும் ரப்பர் வளையங்களின் வேலை. சில கனெக்டர்களில் வெளியே தெரியும் பொத்தானையோ காதுகளையோ அழுத்தினால் பூட்டு விடுபடும். மற்றவற்றில் குழாயைச் சுற்றி வளையம் போல அமரும் கருவி ஒன்றை உள்ளே தள்ளித்தான் கால்களை விரிக்க வேண்டும். இந்தக் கனெக்டர்களுக்கான எஸ்ஏஇ ஜே2044 என்ற வாகனப் பொறியியல் தரநிலையில் வரும் குழாய்முனைகளில் 7.89 மி.மீ., 9.49 மி.மீ. ஆகிய அளவுகள் மிகப் பரவலானவை. ஓர் அளவுக்கான கருவியை இன்னோர் அளவில் நுழைத்தால் கால்கள் விரியாமல் முறிந்துபோகக்கூடும்.

இறுகிவிட்டது என்று சொல்லப்படும் இணைப்புகள் பெரும்பாலும் இரண்டு காரணங்களால் வர மறுக்கின்றன. சாலைப் புழுதியும் சேறும் கிளிப்பின் கால்களுக்கு இடையில் அடைந்துகொண்டு அவற்றை விரியவிடாமல் செய்வது ஒன்று. குழாயில் எஞ்சியிருக்கும் அழுத்தம் அந்த மேட்டைக் கால்களின் மேல் தள்ளிக்கொண்டே இருப்பது மற்றொன்று. இந்த நிலையில் எவ்வளவு பலமாக இழுக்கிறோமோ அவ்வளவு பலமாகப் பூட்டு பிடித்துக்கொள்ளும். ஆகவே முதலில் எரிபொருள் பம்ப்பின் ஃபியூஸை எடுத்துவிட்டு, இன்ஜின் தானாக அணையும்வரை ஓடவிட்டு அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். பிறகு பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்ற வேண்டும். அடுத்து கனெக்டரின் வாயைத் தண்ணீராலும் காற்றாலும் நன்றாகச் சுத்தம் செய்து, குழாயை முதலில் உள்பக்கமாகத் தள்ளி, இலேசாகத் திருப்பி ஒட்டுதலை விடுவித்து, அப்படித் தள்ளிப் பிடித்த நிலையிலேயே பூட்டை அழுத்தி, பின்னர் கோணாமல் நேராக இழுக்க வேண்டும். சிந்தும் பெட்ரோலுக்குத் துணியும் பாத்திரமும் அருகில் இருக்க வேண்டும். நிதானமாகச் செய்தால் பெரும்பாலான கனெக்டர்கள் உடையாமல் வந்துவிடும். துருப்பிடித்த இரும்புக் குழாயில் சில சமயம் உண்மையாகவே உடையக்கூடும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அப்படி உடைந்தால் வண்டிக்காரரிடம் சொல்லி, அவர் சம்மதத்தோடு புதிய கனெக்டரையோ முழுக் குழாயையோ போடுவதுதான் முறை.

என் காரில் போட்டிருந்த ரப்பர் குழாயின் மேல் 30ஆர்7 என்று அச்சிடப்பட்டிருந்தது. அது கார்புரேட்டர் வண்டிகளின் குறைந்த அழுத்தத்துக்கான வகை. ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனுக்கு 30ஆர்9 போன்ற வகை வேண்டும். சாதாரண பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் அந்தக் குழாயில் 3 முதல் 4 பார் வரை, அதாவது காற்றுமண்டல அழுத்தத்தைப் போல ஏறத்தாழ மூன்று நான்கு மடங்கு, அழுத்தம் இருக்கிறது. வழவழப்பான நைலானின் மேல் திருகு கிளாம்பை இறுக்கினால் குழாய் அமுங்கி உருமாறும். வெப்பமும் அதிர்வும் சேரும்போது பிடி தளர்ந்து கசியும், கழன்று விழவும் கூடும். பெட்ரோலின் ஆவி சுமார் மைனஸ் 40 டிகிரி செல்சியஸிலேயே தீப்பற்றக்கூடியது. குடும்பத்தோடு பயணம் செய்யும் ஒரு வண்டியின் அடியில் இப்படிப்பட்ட ஒட்டுவேலையைச் செய்துவிட்டு அதற்குக் கூலியும் வாங்கிக்கொள்ள ஒருவருக்கு எப்படி மனம் வந்தது என்பதை என்னால் இன்னும் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

படங்களைக் காட்டிக் கேட்ட பிறகு, நீண்ட வாக்குவாதத்துக்குப் பின், 'சரிசெய்தல்' என்று வாங்கிய தொகையை மட்டும் திருப்பித் தந்தார்கள். வெட்டப்பட்ட குழாய்க்குப் பதிலாகப் புதியதை வாங்கிப் போட்ட செலவு என்னுடையதாகவே போயிற்று.

ஹீட்டர், ரேடியேட்டர் குழாய்களிலும் இதே போன்ற கனெக்டர்கள் இருக்கின்றன. அங்கும் இதே முரட்டுத்தனம் நடக்கிறது. கூடுதலாக ஒரு தீங்கும் உண்டு. இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவம் ஓடும் இந்த இணைப்புகளில் பெரும்பாலும் ஈபிடிஎம் என்ற செயற்கை ரப்பராலான ஓ-ரிங்குகளே இருக்கும். இறுக்கம் விடுவதற்காக அவற்றின் மேல் பெட்ரோலிய எண்ணெயைத் தெளித்தால் அந்த ரப்பர் உப்பிக் கெட்டுவிடும். அங்கே தண்ணீரே போதுமானது.

வண்டியை விடும்போதே, கழற்றும் கருவி அவர்களிடம் இருக்கிறதா என்று கேளுங்கள். கழற்றிய பழைய பாகங்கள் அனைத்தும் உங்களிடம் தரப்பட வேண்டும் என்பதையும், ஏதேனும் உடைந்தால் வேலையை நிறுத்திவிட்டு அழைக்க வேண்டும் என்பதையும் வேலைச்சீட்டில் எழுதச் சொல்லுங்கள். வண்டியை எடுக்கும்முன், இணைப்புகள் 'க்ளிக்' என்று பூட்டியிருக்கின்றனவா என்பதை உங்கள் எதிரிலேயே இழுத்துக் காட்டச் சொல்லுங்கள். பிறகு இன்ஜினை இயக்காமல் சாவியைச் சில முறை திருப்பிப் பம்ப்பை ஓடவிட்டு, இணைப்பில் ஈரம் தெரிகிறதா என்று விளக்கடித்துப் பாருங்கள். பின்னர் எப்போதாவது பெட்ரோல் வாடை வந்தால் அந்த வண்டியை ஓட்டிச் செல்லாமல், மெக்கானிக்கை வண்டி நிற்கும் இடத்துக்கே வரவழையுங்கள்.