பிள்ளையின் குதிகால் வலிக்கு சிலிகான் ஹீல் கப்: காசுக்குத் தகுமா?

5-க்கு 3 நட்சத்திரம். அதுவும் சரியான ஷூவுக்குள் போட்டால்தான் 3, இல்லாவிட்டால் 1 கொடுப்பதே அதிகம். ஆன்லைனில் இந்த ஹீல் கப்புக்கு (ஷூவுக்குள் குதிகாலுக்கு அடியில் வைக்கிற கிண்ணம் மாதிரியான மெத்தை) மதிப்புரை எழுதியிருப்பவர்கள் எல்லாரும் பெரியவர்கள், கடையில் நாள் முழுக்க நிற்கிறவர்கள், காலையில் எழுந்ததும் முதல் அடி வைக்க முடியவில்லை என்கிறவர்கள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு வாங்கலாமா என்று நான் தேடியபோது உருப்படியாக ஒன்றும் கிடைக்கவில்லை, அதனால் நானே எழுதிவிடுகிறேன்.

என் மகள் ஆறாவது படிக்கிறாள், பள்ளி கோ-கோ டீமில் இருக்கிறாள். மண்டலப் போட்டி நெருங்கி பயிற்சியைக் கூட்டியதிலிருந்து குதிகாலின் பின்பக்கம் வலி. வீட்டுக்கு வரும்போது குதிகாலை ஊன்றாமல் நுனிக்காலில் நடந்து வருவாள், ராத்திரி தூங்கி எழுந்தால் பாதி குறைந்திருக்கும், மறுபடி கிரவுண்டுக்குப் போனால் அதே கதை. வீக்கம் இல்லை, சிவப்பு இல்லை, முள் குத்தின தடம் இல்லை. என் மாமியார் செங்கல்லைச் சுட்டு எருக்க இலை போட்டு ஒத்தடம் கொடுக்கலாம் என்று ஆரம்பித்தார். மதுரைப் பக்கம் குதிகால் வலிக்கு முதலில் எல்லாரும் சொல்வது இதுதானே. பெரியவர்கள் சூடு பொறுக்கும் அளவு பார்த்து வைத்துக்கொள்வார்கள், பிள்ளைக்கு அது தெரியாது, எருக்கம்பால் கண்ணில் பட்டால் வேறு வம்பு. வேண்டாம் அத்தை என்று சொல்லி எலும்பு டாக்டரிடம் கூட்டிப்போனோம்.

அவர் எக்ஸ்ரே எழுதவில்லை. குதிகாலின் இரண்டு பக்கத்தையும் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினார், இவள் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். முழங்காலை நீட்டவைத்து பாதத்தை மேல்பக்கமாக மடக்கிப் பார்த்தார், கெண்டைக்கால் சதை விறைப்பாக இருப்பதை எனக்கும் காட்டினார். இதற்கு சீவர்ஸ் என்று பெயர். 1912-ல் இதைப் பற்றி எழுதிய சீவர் என்ற அமெரிக்க டாக்டரின் பெயரையே வைத்துவிட்டார்கள். பெயரோடு ‘டிசீஸ்’ என்று ஒட்டியிருப்பதால் கேட்டதும் பயம் வரும், உண்மையில் நோய் என்று சொல்ல ஒன்றுமில்லை. சுமார் 8 வயதிலிருந்து 14, 15 வரை குதிகால் எலும்பின் பின்னால் வளர்ச்சித் தட்டு ஒன்று இன்னும் முழுதாக எலும்பாகாமல் இருக்கும். கெண்டைக்கால் சதையிலிருந்து இறங்குகிற தடித்த தசைநாண் வந்து பிடித்திருப்பது அந்த இடத்தில்தான். பிள்ளை சட்டென்று வளரும்போது எலும்பு நீள்கிற வேகத்துக்கு சதை நீளாது, போதாததற்கு ஓட்டமும் குதியும் சேர்ந்தால் அந்தத் தட்டை தசைநாண் இழுத்துக்கொண்டே இருக்கும். அந்த இழுப்புதான் வலி. தட்டு எலும்போடு சேர்ந்துவிட்டால் தானாகப் போய்விடும், அதுவரைக்கும் வந்து வந்து போகும்.

அவர் சொன்ன வைத்தியம்: ஓட்டத்தைக் குறை (நிறுத்து என்று சொல்லவில்லை), விளையாடி வந்ததும் ஐஸைத் துண்டில் சுற்றி பத்துப் பதினைந்து நிமிடம் வை, சுவரில் கையை ஊன்றி ஒரு காலைப் பின்னால் தள்ளி குதிகால் தரையை விட்டு எழாமல் கெண்டைக்காலை நீட்டு. கடைசியாக, கிளம்பும்போது, வேண்டுமானால் ஷூவுக்குள் ஹீல் கப் ஒன்று வாங்கிப் போடுங்கள் என்றார். அந்த ‘வேண்டுமானால்’ ரொம்பச் சரியான வார்த்தை.

சரி, பொருளுக்கு வருவோம். நான் வாங்கியது 300 ரூபாய்க்குள். ஒளி ஊடுருவுகிற வெள்ளை சிலிகான், நடுவில் குதிகால் உட்காரும் இடத்தில் நீல நிறத்தில் இன்னும் மெத்தென்ற ஒரு வட்டம், சுற்றிலும் ஒரு விரல் உயரத்துக்குக் கரை. பெட்டியில் போட்டிருக்கும் படம் பெரியவர் கால், எழுதியிருப்பதும் பிளாண்டர் ஃபேஸியைட்டிஸ் (உள்ளங்கால் நார்ப்பட்டையில் வரும் வலி), ஹீல் ஸ்பர் (குதிகால் எலும்பில் முள் போல வளர்வது). இரண்டும் பெரியவர்களின் சமாச்சாரம், பிள்ளைகளுக்கு அபூர்வம். அப்புறம் ஏன் பிள்ளைக்கு வாங்குவது? இதில் நமக்கு வேண்டியது மெத்தென்று இருப்பது மட்டுமல்ல, குதிகாலைக் கொஞ்சம் மேலே தூக்கிக் கொடுப்பதும்தான். குதிகால் உயர்ந்தால் பின்னால் இருக்கும் தசைநாண் அந்த அளவுக்குத் தளரும், இழுப்பு குறையும். அதனால் ஒரு காலில் மட்டும் வலி என்றாலும் இரண்டு ஷூவிலும் போட வேண்டும், இல்லாவிட்டால் ஒரு பக்கம் தூக்கி ஒரு பக்கம் இறங்கி நடை கோணிவிடும்.

குறைகள் நிறைய. ஸ்மால் சைஸே ஒல்லிக் கால் பிள்ளைக்குப் பெரிது, கரை ஷூவின் பின்பக்கத்தில் மடிந்து உட்காருகிறது. வழுவழு என்றிருப்பதால் ஷூவுக்குள் முன்னே நகர்ந்து போய்விடும், மத்தியானம் பார்த்தால் பாதத்தின் குழிவுக்குக் கீழே கிடக்கும், அங்கே கிடந்தால் அதுவே புதிதாக ஒரு வலியைக் கொடுக்கும். சாக்ஸ் நூலும் மண்ணும் அப்படியே ஒட்டிக்கொள்ளும். வேர்வை இறங்க வழியில்லை, தினமும் சோப்புப் போட்டுக் கழுவிக் காயவைக்காவிட்டால் வாடை அடிக்கும். குதிகாலைத் தூக்குவதால் ஷூவின் ஆழம் குறைகிறது, பின்பக்கம் தாழ்வாக வெட்டிய ஷூ என்றால் நடக்கும்போது குதிகால் வெளியே வழுக்கி வருகிறது. பெண் பிள்ளைகளுக்கென்று விற்கும் பக்கிள் வைத்த பள்ளி ஷூவில் இதைப் போடவே முடியாது.

இதெல்லாம் போகட்டும். பெரிய சிக்கல், எங்கள் பிள்ளைகள் கோ-கோவைப் பயிற்சி செய்வது வெறுங்காலில். ஷூவுக்குள் என்ன போட்டு என்ன? பி.டி. சாரிடம் கேட்டேன், “ஷூ போட்டுட்டு எந்திரிச்சுத் திரும்பினா வழுக்கும்மா, அப்புறம் கணுக்கால் பிசகிருச்சுன்னு வருவீங்க” என்றார். அதுவும் நியாயம்தான். கடைசியில் அவரே ஒரு வழி செய்தார். டைவும் ரன்னிங் ரவுண்டும் இவளுக்குக் கிடையாது, கட்டத்தில் உட்கார்ந்து ‘கோ’ வாங்குவது மட்டும் கொஞ்ச நாளைக்கு. என்னைக் கேட்டால், வலி இறங்கியதில் பெரும்பங்கு அந்த மாற்றத்துக்கும் சுவரில் கையூன்றி செய்த பயிற்சிக்கும்தான். ஹீல் கப் உதவியது பள்ளிக்கூட நேரத்துக்கு, அதாவது படியேறி இறங்குவதற்கும் பிரேயரில் நிற்பதற்கும். முழுசாகச் சரியாக வாரக்கணக்கில் ஆனது.

அடுத்தது ஷூ. கறுப்பு ஷூவில் போட்டபோது நன்றாக இருந்தது, பி.டி. நாளுக்கான வெள்ளை கேன்வாஸில் போட்டபோது ஒரு பயனும் இல்லை. கேன்வாஸைக் கையில் எடுத்துப் பார்த்தால் காரணம் புரியும். அடிப்பாகம் குதிகாலிலிருந்து விரல் வரைக்கும் ஒரே மட்டம், குதிகால் பக்கம் துளியும் உயரமில்லை, பின்பக்கத்தை இரண்டு விரலால் அழுத்தினால் காகிதம் போல அமுங்குகிறது. நல்ல ஷூ அப்படி அமுங்காது. வளைத்துப் பார்த்தாலும் விரல்கள் மடங்கும் இடத்தில்தான் வளைய வேண்டும், நடுவில் இரண்டாக மடிந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

அளவு விஷயத்தில் நம் வீடுகளில் ஒரு பழக்கம் இருக்கிறது, “ரெண்டு வருஷம் வரட்டும்” என்று பெரிதாக எடுப்பது. மாசி வீதிப் பக்கம் ஜூன் மாதம் எந்தக் கடையில் நின்றாலும் காதில் விழும். ஷூ பெரிதானால் கால் உள்ளே முன்னும் பின்னும் ஓடும், பிடித்துக்கொள்ள விரல்களை மடக்கி மடக்கி நடப்பார்கள், கெண்டைக்கால் இன்னும் விறைக்கும். சின்னதானால் நகம் கறுக்கும், ஓரம் சதைக்குள் இறங்கும். கடைக்காரர் மேலே கட்டைவிரலை வைத்து அமுக்கிப் பார்ப்பதை நம்பாதீர்கள், பிள்ளை அந்த நேரம் விரலை மடக்கிக்கொள்ளும். உள்ளே இருக்கும் இன்சோலை உருவித் தரையில் போட்டு அதன்மேல் பிள்ளையை நிற்கச் சொல்லுங்கள், நீளமான விரலுக்கு முன்னால் உங்கள் கட்டைவிரல் அகலம் மிஞ்சினால் சரி. சாயங்காலம் போங்கள், பகலெல்லாம் நடந்த கால் கொஞ்சம் உப்பியிருக்கும். ஆன்லைனில் வாங்குகிறவர்களுக்கு ஒன்று: பிள்ளைகள் அளவில் 13-க்கு அடுத்தது 14 இல்லை, மறுபடி 1-லிருந்து தொடங்கும். இந்த 1-ஐப் பார்த்து கைக்குழந்தை அளவு என்று நினைத்துத் திருப்பி அனுப்பியவர்கள் எங்கள் அபார்ட்மென்ட்டிலேயே இருக்கிறார்கள்.

இதற்கு நடுவில் ஒரு கடையில் (பெயர் வேண்டாம்) கண்ணாடி மெஷின் மேல் மகளை ஏற்றி, பாதம் கலர் கலராகத் தெரிகிற படத்தைக் காட்டி, “பாப்பாவுக்கு தட்டைப் பாதம் மேடம், இப்பவே ஆர்ச் சப்போர்ட் போடலைன்னா முட்டி போயிரும், முதுகு போயிரும்” என்று 4,000 ரூபாய்க்கு மேல், பாதக் குழிவைத் தாங்கும் ஒரு இன்சோலைத் தள்ளப் பார்த்தார்கள். பிறக்கும்போது எல்லாப் பிள்ளைக்கும் பாதம் தட்டையாகத்தான் தெரியும், குழிவு வருவதே கொஞ்சம் கொஞ்சமாக, சிலருக்கு பத்து வயது வரைகூட ஆகும். நுனிக்காலில் நிற்கச் சொன்னால் குழிவு தெரிகிறதா, வலி இல்லையா, அதோடு விட்டுவிடலாம். மணிப்பால் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ராவ், ஜோசப் என்ற இருவர் 4 முதல் 13 வயது வரை 2,300 பிள்ளைகளின் பாதத் தடத்தைப் பார்த்து 1992-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. செருப்பு, ஷூ போடுகிறவர்களில் 8.6 சதவீதம் பேருக்குத் தட்டைப் பாதம், வெறுங்காலில் திரிகிறவர்களில் 2.8 சதவீதம்தான், அதிலும் முன்பக்கம் மூடிய ஷூ போட்டவர்களுக்கே அதிகம். ஷூதான் காரணம் என்று இதை வைத்து அடித்துச் சொல்லிவிட முடியாது, ஆனால் நம் பக்கத்துப் பிள்ளைகளைப் பார்த்து எழுதியது, அந்த மெஷின்காரர் சொன்னதைவிட எனக்கு இது போதும். என் மகளின் வலி பாதக் குழிவில் இல்லை, குதிகாலின் பின்னால். ஆர்ச் சப்போர்ட் அதை என்ன செய்யும்?

ஹீல் கப் எதற்கெல்லாம் உதவாது என்பதையும் சொல்லிவிடுகிறேன், சிலர் கால்வலி என்றாலே வாங்கிவிடுகிறார்கள். ராத்திரி படுத்ததும் இரண்டு கெண்டைக்காலும் வலிக்கிறது என்று அழுதுவிட்டு காலையில் துள்ளி ஓடினால் அது வளர்கிற வயதின் வலி, பிடித்துவிட்டால் போதும். உள்ளங்காலில் ஒரே இடத்தில் கல் மிதித்தது போல வலித்தால் மருவா, கால் ஆணியா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். மழைக்காலத்தில் ஈர சாக்ஸோடு திரிந்தால் விரலிடுக்கில் சேற்றுப்புண். கட்டைவிரல் ஓரம் சீழ் கட்டியிருந்தால் நகத்தை வளைத்து வெட்டுவதும் ஒரு காரணமாக இருக்கலாம், நேராக வெட்டுங்கள். காய்ச்சல், வீக்கம், தூக்கத்திலிருந்து எழுப்புகிற வலி, ஒரே காலில் போகாத வலி, காலையில் எழுந்ததும் மூட்டு விறைப்பு, விழுந்த பிறகு காலை ஊன்றவே முடியாமை, இதில் எது இருந்தாலும் கடைக்குப் போகாமல் டாக்டரிடம் போங்கள்.

வாங்குவதாக இருந்தால் நேரில் கடையில் ஷூவோடு போய் வாங்குவது நல்லது, மெடிக்கல் ஷாப்பில் முழங்கால் பெல்ட் தொங்கும் இடத்தில் பெரும்பாலும் இருக்கும். போட்டபின் பிள்ளையை கடைக்குள்ளேயே பத்தடி நடக்கச் சொல்லுங்கள், குதிகால் வழுக்கினால் எடுக்க வேண்டாம். ஸ்மாலும் பெரிதாக இருந்தால் கத்தரித்துக்கொள்ளலாம் என்று கடைக்காரர் சொல்வார். நான் கத்தரித்தேன், வெட்டிய ஓரத்திலிருந்து பிய்யத் தொடங்கிவிட்டது. அதற்குப் பதில் தெருமுனை செருப்புத் தைக்கிறவரிடம் எம்.சி.ஆர். (நுண்ணிய காற்றறைகள் உள்ள மெத்தென்ற ரப்பர்) ஷீட்டில் குதிகால் அளவுக்கு வெட்டி ஒட்டித்தரச் சொல்லலாம். தொழுநோயில் காலின் உணர்ச்சி போனவர்களுக்காக வேலூர், கரிகிரிப் பக்கம் காலங்காலமாகச் செருப்பு செய்துவந்த அதே ரப்பர்தான், இப்போது சர்க்கரை நோயாளிகள் செருப்பில் பார்க்கிறோமே, அது. நகராது, வேர்க்காது, விலையும் குறைவு. இரண்டாவது ஜோடி ஷூவுக்கு நான் அதைத்தான் ஒட்டியிருக்கிறேன்.