குழந்தை பொறந்த பிறகு கருத்தடை: டிஸ்சார்ஜுக்கு முன்னாடியா, ஆறாவது வாரமா, தடுப்பூசி அன்னைக்கா?

கர்ப்பப்பைக்குள்ள வைக்கிற காப்பர் டி நல்லதா, கருத்தடை ஊசி நல்லதான்னு எல்லாரும் கேக்குறாங்க, ஆனா அதை எப்போ, எங்க வச்சு குடுக்குறாங்கங்கறத பொறுத்துதான் ஒரு பொண்ணுக்கு அது கிடைக்குமா கிடைக்காதான்னே முடிவாகுது.

பழைய வழக்கம் ஆறாவது வார செக்கப். அப்போ வச்சா காப்பர் டி நழுவி விழுற வாய்ப்பு கம்மி, அது உண்மைதான். ஆனா தாய்ப்பால் குடுக்காதவங்களுக்கு நாலாவது வாரத்துலயே கருமுட்டை வெளியாகலாம், அதுவும் முதல் பீரியட்ஸ் வர்றதுக்கு முன்னாடியே, அதனால 21 நாள் ஆனதுமே பாதுகாப்பு வேணும், ஆறு வாரம்ங்கறது அவங்களுக்கு லேட். கைக்குழந்தையோட, தூக்கமே இல்லாம இருக்குறவ தனக்காக மட்டும் கிளம்பி வரணும், வந்தாலும் "இன்னைக்கு டாக்டர பாருங்க, மாட்டுறதுக்கு இன்னொரு நாள் வாங்க"ன்னா யாரு திரும்ப வருவா?

டெலிவரி ஆன இடத்துலயே வச்சுட்டா இந்த அலைச்சல் கிடையாது. நஞ்சுக்கொடி வெளிய வந்த 10 நிமிஷத்துக்குள்ள, இல்லன்னா 48 மணி நேரத்துக்குள்ள காப்பர் டி வைக்கலாம், சிசேரியன்னா அப்பவே வச்சிடலாம். அந்த நேரத்த விட்டுட்டா நாலு வாரம் காத்திருக்கணும். கையில தோலுக்கு அடியில வைக்கிற சின்ன கருத்தடை குச்சியான இம்ப்ளாண்ட்டும் வீட்டுக்கு போறதுக்கு முன்னாடியே வைக்கலாம், தாய்ப்பால் குடுக்குறவங்களுக்கும் சரி. டெலிவரி ஆனதும் வைக்கிற காப்பர் டி நழுவுற வாய்ப்பு ஜாஸ்தி, அதனால பின்னாடி ஒரு தடவ செக் பண்ணனும், அத மறைக்காம சொல்லணும்.

எனக்கு இதுதான் முதல் சாய்ஸ், ஆனா ஒரு கண்டிஷனோட. வலியில துடிச்சிட்டு இருக்கறப்போ பேப்பர நீட்டி கையெழுத்து வாங்குறது சம்மதமே கிடையாது, மாசமா இருக்கறப்பவே உக்காந்து பேசியிருக்கணும், அவ வேண்டாம்னா விட்டுடணும், பின்னாடி எடுக்கணும்னு வந்தாலும் கேள்வி கேக்காம எடுத்து விடணும். வைக்க ஆள் இருந்து எடுக்க ஆள் இல்லன்னா அவள மாட்டிவிட்ட மாதிரிதான்.

தடுப்பூசி நாள ஏனோ யாரும் பெருசா எடுத்துக்கறதில்ல. தனக்கு உடம்பு முடியலன்னாலும் குழந்தைக்கு ஊசி போட அம்மா வந்துடுவா, அதுவும் ஒரு தடவ இல்ல, திரும்ப திரும்ப. ஊசி போடுற நர்ஸே மூணு கேள்வி கேட்டா போதும்: குழந்தைக்கு ஆறு மாசம் ஆகலையா, வெறும் தாய்ப்பால் மட்டுமா, பீரியட்ஸ் இன்னும் வரலையா? மூணுக்கும் ஆமான்னா தாய்ப்பாலே சுமார் 98 சதவீதம் பாதுகாப்பு குடுக்குது, ஒண்ணு மாறினாலும் வேற முறை வேணும். எஸ்ட்ரோஜன் ஹார்மோன் இல்லாத கருத்தடை மாத்திரை, ஆறு வாரம் தாண்டியிருந்தா மூணு மாசத்துக்கு ஒரு தடவ போடுற கருத்தடை ஊசி, ரெண்டையும் அங்கயே குடுக்கலாம். வெறும் சீட்டு எழுதி வேற இடத்துக்கு அனுப்புனா பழைய அலைச்சலேதான். அப்புறம் மாமியாரும் பக்கத்து வீட்டம்மாவும் நிக்கிற வரிசையில வச்சு இத கேக்க முடியாது, ஒரு தனி ரூம், அது கூட இல்லன்னா ஒரு ஸ்கிரீனாவது வேணும்.