ரீடூ தரவுத்தளம்: ‘ஆம்’ என்ற சொல்லுக்கு அப்பால்

பெல்ஜியத்தின் ஆன்டிகேன்சர் ஃபண்ட் அமைப்பு இணையத்தில் இலவசமாக வழங்கும் ‘ரீடூ’ தரவுத்தளத்தை, மருந்தாளுநராகச் சில மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். வேறு நோய்களுக்கென ஒப்புதல் பெற்று, புற்றுநோயிலும் பயன்படக்கூடும் என்று ஆய்விதழ்களில் சான்று வெளியான மருந்துகளின் பட்டியல் இது. 2018இல் இதைப் பற்றிய கட்டுரை வெளியானபோது அதில் 268 மருந்துகள் இருந்தன.

காப்புரிமை முடிந்துவிட்டதா, சான்று ஆய்வுக்கூட உயிரணுக்களோடு நிற்கிறதா, விலங்குகளைத் தாண்டி நோயாளிகள் வரை வந்திருக்கிறதா என்பதை ஒவ்வொரு மருந்துக்கும் ஒரே வரிசையில் ‘ஆம்’, ‘இல்லை’ என்று பார்த்துவிடலாம். இவ்வளவு உழைப்பைக் கட்டணமின்றித் தருவதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும்.

ஆனால், மார்பகப் புற்றுநோயில் கீமோ மருந்து ஏன் வேலை செய்யாமல் போகிறது, எந்தப் பழைய மருந்து அதை மீட்கும் என்று தேடுபவர் இந்த வரிசையோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. இரத்த அழுத்தத்துக்கு நாங்கள் கொடுக்கும் வெராபமில்லை எடுத்துக்கொள்வோம். புற்றணுக்கள் தமக்குள் வந்த கீமோ மருந்தை வெளியே தள்ளப் பயன்படுத்தும் பி-கிளைகோபுரோட்டீன் என்ற புரதத்தை அது தடுக்கிறது. எதிர்ப்பு பெற்ற இரத்தப் புற்றணுக்களில் வெராபமில் கீமோவின் வீரியத்தை மீட்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 1981லேயே காட்டினார்கள். ஆய்வுக்கூடத்தில் தேவைப்பட்ட அளவை மனித உடலில் எட்ட முயன்றால் இதயம் பாதிக்கப்படுகிறது என்பதுதான் அப்போதிருந்தே தடையாக நிற்கிறது. மார்பகப் புற்றுநோய்க்குத் தரப்படும் பக்லிடாக்செல் என்ற கீமோ மருந்து உடலை விட்டு வெளியேறுவதையும் வெராபமில் தாமதப்படுத்தும் என்பதால், பலனோடு நச்சுத்தன்மையும் கூடும்.

மனைவி கீமோ எடுத்துக்கொண்டிருந்த ஒருவர், கைபேசியில் சர்க்கரை நோய் மருந்தான மெட்ஃபார்மினின் வரிசையைக் காட்டி, “மனுஷங்ககிட்டயே சோதிச்சதா போட்டிருக்கே, சார், ஒரு அட்டை கொடுங்க” என்று கேட்டார். அந்த அம்மாவுக்குச் சர்க்கரை நோய் இல்லை. சோதனை நடந்தது உண்மைதான்: சர்க்கரை நோயில்லாத 3,649 மார்பகப் புற்றுநோயாளிகள் பங்கேற்ற அந்தப் பெரிய ஆய்வின் முடிவு 2022இல் வெளியானது, நோய் திரும்பாதிருக்கும் காலத்தை மெட்ஃபார்மின் கூட்டவில்லை என்பதே அதன் முதன்மை முடிவு. பட்டியலின் ‘ஆம்’ சோதனை நடந்ததை மட்டுமே சொல்கிறது.

ஆய்வாளர்களுக்கும் புற்றுநோய் மருத்துவர்களுக்கும் இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். குடும்பத்தினர் பார்ப்பதானால், மருத்துவரிடம் கேட்கவேண்டிய கேள்விகளைக் குறித்துக்கொள்ள மட்டும் பார்க்கட்டும். அன்று அவருக்கு மாத்திரை கொடுக்கவில்லை. அந்த ஆய்வு முடிவின் சுருக்கத்தை அச்செடுத்து, அடுத்த கீமோவுக்குப் போகும்போது மருத்துவரிடம் காட்டச் சொல்லிக் கொடுத்தனுப்பினேன்.