டிஃபெண்டரா, அவாஸ்டா: வீட்டுக் கம்ப்யூட்டருக்கு எது?

பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் பழைய கம்ப்யூட்டர் வாங்கும் நம்மவர்கள் பலருக்கும் வரும் குழப்பம் இது: வைரஸைத் தடுக்க விண்டோஸோடு வரும் டிஃபெண்டரே போதுமா, அவாஸ்ட் இலவசப் பதிப்பைப் போடலாமா?

செலவு: இரண்டுக்கும் காசில்லை. ஆனால் அவாஸ்ட், கட்டணப் பதிப்புக்கு மாறச் சொல்லி அடிக்கடி அறிவிப்பு காட்டும்.

வேகம்: 4 ஜிபி ரேம், பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் முழு ஸ்கேனின்போது இரண்டுமே திணறும். இரவில் ஓடவிடுங்கள்.

அந்தரங்கம்: அவாஸ்ட் மேல் எனக்குள்ள தயக்கமே இதில்தான். பயனர்கள் எந்தெந்தத் தளம் பார்த்தார்கள் என்ற விவரத்தை விற்றதற்காக, 2024-ல் அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் அந்த நிறுவனத்தை 1.65 கோடி டாலர் கட்ட வைத்தது. அந்த விற்பனை 2020-லேயே நின்றுவிட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ்): டிஃபெண்டரில் ஃபோல்டர்களைக் காக்கும் வசதி உண்டு, ஆனால் ஆஃப் நிலையிலேயே வரும். விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, வைரஸ் பாதுகாப்புப் பகுதியின் அடியில் இருக்கும் ரான்சம்வேர் பக்கத்தில் ஆன் செய்யுங்கள். பிறகு ஏதாவது புரோகிராம் ஃபைலைச் சேமிக்க முடியாமல் நின்றால், அங்கேயே அதற்கு அனுமதி கொடுத்தால் சரியாகிவிடும். அவாஸ்டைப் போட்டால் டிஃபெண்டர் தானாக ஒதுங்கும். இந்தக் காவலும் கூடவே போய்விடும்.

விண்டோஸ் 11 வைத்திருப்பவருக்கு டிஃபெண்டர் தாராளம். அவுட்லுக், தண்டர்பேர்டில் வரும் மெயில்களைத் தனியாகச் சோதிக்க வேண்டும் என்பவர் மட்டும் அவாஸ்டைப் போடலாம்.