எஃகு டேப்பா, லேசர் மீட்டரா?

அலமாரி, சுவர் அடுக்கு, கதவுச் சட்டம் என்று வீட்டு வேலைகளை நானே செய்யத் தொடங்கியபோது, அளவெடுக்க எதை வாங்குவது என்று யோசித்து 5 மீட்டர் எஃகு டேப்பையே எடுத்தேன். ஒளிப்புள்ளியைப் பாய்ச்சித் தூரத்தைத் திரையில் காட்டும் லேசர் மீட்டரை இரவல் வாங்கிச் சில வேலைகளுக்குப் பயன்படுத்தியிருக்கிறேன், அவ்வளவுதான். பல ஆண்டு அது எப்படி உழைக்கும் என்பதை வைத்திருப்பவர்கள்தான் சொல்ல வேண்டும்.

காலி அறையை அளக்க லேசருக்கு நிகரில்லை. ஏணி வேண்டாம், மறுமுனையைப் பிடிக்க ஆள் வேண்டாம். வெயிலில் புள்ளி கண்ணுக்குத் தெரியாது, கண்ணாடிக்குக் குறிவைத்தால் அளவு தவறலாம் என்பவை எல்லோருக்கும் தெரிந்த குறைகள். ஆனால் பலகையில் 43 செ.மீ. தள்ளிப் பென்சில் கோடு போட வேண்டுமென்றால் டேப்தான் கைகொடுக்கும். வீட்டு வேலையில் பெரும்பகுதி கோடு போடுவதுதானே!

துல்லியத்தை வைத்து முடிவெடுக்க முடியாது. துல்லியத்தில் இரண்டாம் வகுப்பு என்ற முத்திரையுள்ள டேப்பில் 5 மீட்டருக்கு 1.3 மி.மீ. வரை பிழை அனுமதிக்கப்படுகிறது. முதல் வகுப்பில் 0.6 மி.மீ. சாதாரண லேசர் மீட்டர்களும் 2 மி.மீ. வரை முன்பின் இருக்கலாம்.

என்னை டேப்பின் பக்கம் இழுத்தது பராமரிப்பு. லேசர் தவறான எண்ணைக் காட்டினாலும் அதுவும் தெளிவான எண்ணாகவே திரையில் நிற்கும். உள்ளே என்ன கெட்டது என்று வீட்டில் திறந்து பார்க்க வழியில்லை. டேப் கெட்டால் பெரும்பாலும் அதன் நுனியில் உள்ள கொக்கியில்தான் கெடும், அதுவும் கண்ணெதிரே இருக்கிறது.

அந்தக் கொக்கி ஆடுவதைக் கண்டு பழுது என்று நினைத்துச் சிலர் சுத்தியலால் தட்டி இறுக்கிவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கொக்கியை நாடாவோடு பிணைக்கும் ரிவெட் ஆணிகளின் துளைகள் சற்றே நீண்டிருப்பதால் கொக்கி தன் தடிமன் அளவுக்கு, ஏறத்தாழ 1 மி.மீ., முன்னும் பின்னும் நகர்கிறது. பலகை விளிம்பில் மாட்டி இழுத்தால் வெளியே வரும். சுவரில் முட்டினால் உள்ளே போகும். இரண்டு விதத்திலும் அளவு சரியாக வருவது இந்த ஆட்டத்தால்தான்.

சோதிப்பது எளிது. ஒரு பலகையின் விளிம்பில் கொக்கியை மாட்டி நீளத்தைப் பாருங்கள். பிறகு பலகையைச் சுவரில் முட்டவைத்து, பக்கத்திலேயே டேப்பையும் முட்டவைத்து மறுமுனையைப் பாருங்கள். எண்கள் ஒத்துப்போனால் கொக்கி நலம். வேறுபட்டால் அது வளைந்திருக்கும், அல்லது துளை தேய்ந்திருக்கும். நுண்ணிய வேலைக்கு அப்போதும் வழியுண்டு: 10 செ.மீ. கோட்டிலிருந்து அளந்து, கிடைத்த எண்ணில் 10-ஐக் கழிக்க வேண்டும். கழிக்க மறந்தால் பலகை 10 செ.மீ. கூடுதல் நீளமாகிவிடும், அதில் மட்டும் கவனம்.

கொக்கிக்கு எமன் வேகம். நாடாவைத் தானாகப் பாய விட்டால் ஒவ்வொரு முறையும் கொக்கி பெட்டியில் மோதித் துளை அகலும். கடைசி ஒரு சாண் தூரத்துக்காவது விரலால் தடுத்து மெல்ல உள்ளே விடுங்கள். மரத்தூளும் சிமெண்டுத் தூளும் எண்களைச் சுரண்டும், ஈரம் துருவாகும். உலர்ந்த துணியால் துடைத்த பிறகே சுருட்ட வேண்டும்.

நாடாவில் குறுக்கே மடிப்பு விழுந்தால் மட்டும் புதியது வாங்கிவிடுவேன். நீட்டிப் பிடிக்கும்போது அந்த இடத்தில் மடங்கி விழும், பின்னர் அங்கேயே முறியும். மற்றபடி, அடிக்கடி தனியாளாக முழு அறைகளை அளந்து தரைக்கும் வர்ணத்துக்கும் கணக்குப் போடுபவர்கள் லேசர் வாங்கலாம். அவர்கள் கையிலும் ஒரு டேப் இருக்கட்டும்.